வாசலில் நிற்கும் கணக்குப்பிள்ளை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியத்தில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் விண்ணப்பக் காலம். பிப்ரவரியும் மார்ச்சும் காத்திருக்கும் காலம். ஏப்ரல் 15 கணக்கை முடிக்கும் நாள். எந்தப் பல்கலைக்கு அனுப்பினாலும் கேட்கப்படுபவை இன்று ஏறத்தாழ ஒன்றுதான்: என்ன ஆராய நினைக்கிறேன், ஏன் இங்கே வருகிறேன் என்று இரண்டு பக்கத்தில் சொல்லும் எஸ்.ஓ.பி., பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு கட்டுரை, மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல், பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டிய கட்டணம். பெயர்பெற்ற துறை ஒன்றுக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வந்து சேர்கின்றன. எடுக்கப்படுகிறவர்கள் பத்துப் பேர் சொச்சம், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. மற்றவர்களுக்கு வரும் பதில் நாலைந்து வரிதான். நல்ல விண்ணப்பங்கள் நிறைய வந்தன, வருந்துகிறோம் என்றிருக்கும்; காரணம் இருக்காது. காரணம் சொல்லப்படாத இடத்தில் விண்ணப்பித்தவர் தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்கிறார்: என் எழுத்து போதவில்லை, என் அறிவு போதவில்லை. இந்த வழக்கத்தின் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்த முடிவுக்கு ஆதாரம் குறைவு. யார் முதலில், யார் பின்னால் என்ற வரிசையைப் போடுவதில் அறிவுக்கும் எழுத்துக்கும் பங்கு உண்டு. அந்த வரிசையை எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஒவ்வொரு காலத்திலும் பணம்தான் சொல்லியிருக்கிறது. வாசலில் நிற்பவர் ஆசிரியரைப் போல உடுத்தியிருந்தாலும் அவர் கணக்குப்பிள்ளை.

தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். அமெரிக்காவில் முதல் பிஎச்.டி. பட்டங்களை யேல் 1861-இல் வழங்கியது என்றாலும், உயர் ஆய்வு வேண்டும் என்றவர்கள் அதற்குப் பிறகும் கப்பலேறி ஜெர்மனிக்கே போனார்கள். லைப்சிக், கோட்டிங்கன், பெர்லின் ஆகியவையே அவர்களுக்குப் பல்கலைக்கழகம். இந்தப் போக்கைத் திருப்ப வந்தது 1876-இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அதன் முதல் தலைவர் டேனியல் காய்ட் கில்மன் கட்டடங்களைவிட ஆட்களுக்குச் செலவிட வேண்டும் என்று நினைத்தவர். ஆண்டுக்கு ஐந்நூறு டாலர் வீதம் பத்து ஃபெலோஷிப் தருவதாக முதலில் திட்டம்; வந்த விண்ணப்பங்களின் தரத்தைப் பார்த்து அது இருபதாயிற்று. பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற ஜோசையா ராய்ஸ் அந்த முதல் இருபதில் ஒருவர். இங்கே கவனிக்க வேண்டியது, போட்டி எதற்கு நடந்தது என்பது. கல்லூரிப் பட்டமும் சொந்தப் பணமும் உள்ளவர் மாணவராகப் பதிவுசெய்துகொள்வதில் பெரிய தடை இல்லை. விண்ணப்பம் எழுதி, சான்றுகள் இணைத்து, பதிலுக்குக் காத்திருந்தவர்கள் அந்த ஐந்நூறு டாலருக்காகக் காத்திருந்தார்கள். ஆக, விண்ணப்பித்துக் காத்திருப்பது என்ற வழக்கம் பிறக்கும்போதே கல்வி அனுமதியோடு பிறக்கவில்லை, உதவித்தொகையோடு பிறந்தது. தரத்தைக் கண்டு பத்து இருபதானது என்றால் தரம்தானே வென்றது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது ஒரு வணிகர் விட்டுச்சென்ற புதுச் சொத்து கையில் இருந்த ஆண்டு. தரம் பேசியது, கேட்க ஆளும் பணமும் இருந்ததால்.

அதே 1876-இல் ஹார்வர்டில் நடந்த இன்னொன்றும் இந்தக் கதைக்கு உரியது. பழைய நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தொகுத்த ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், கால் நூற்றாண்டாக அங்கே சொல்லாட்சிப் பேராசிரியர் என்ற பெயரில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஹாப்கின்ஸ் அவரை இழுக்கப் பார்த்தது. அப்போதுதான் ஹார்வர்டு அவரைத் திருத்தும் வேலையிலிருந்து விடுவித்து, தன் முதல் ஆங்கிலப் பேராசிரியராக்கியது. அவருடைய புலமை முந்தின ஆண்டும் அதே புலமைதான். போட்டிக்காரன் விலை சொன்ன பிறகே உள்ளூரில் மதிப்பு வந்தது. பேராசிரியரை இப்படி எடைபோட்ட ஓர் உலகம் மாணவரை வேறு தராசில் நிறுத்தும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் கதவு அகலமாகவே திறந்திருந்தது. நவீன மொழிகளுக்கான சங்கமான எம்.எல்.ஏ. 1883-இல் தொடங்கியபோது ஆங்கில இலக்கியம் என்பது கிரேக்கம், லத்தீன் முன்னால் கூனிக் குறுகி நின்ற பாடம். நாவலும் கவிதையும் படிப்பதற்கு ஒரு துறை எதற்கு, வீட்டிலேயே படிக்கலாமே என்ற கேள்வி அப்போது உரக்கக் கேட்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஜெர்மானிய மொழிநூல் முறையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: பழைய ஆங்கிலம், கோதிக், ஒலிமாற்ற விதிகள், சுவடி ஒப்பீடு. கடினமான பாடம் என்றால் மதிப்பான பாடம் என்பது கணக்கு. இதனால் கஷ்டம் முழுவதும் வாசலுக்கு உள்ளே குவிந்தது. அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியின் பட்டம் இருந்தால் உள்ளே வந்துவிடலாம். வந்த பிறகு பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிய வேண்டும், வாய்மொழித் தேர்வில் நிற்க வேண்டும், ஆய்வேடு ஏற்கப்பட வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகம் கோடைப் பருவத்தையும் ஒரு முழுப் பருவமாக நடத்தியதால் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறையில் வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் போனார்கள். நியூயார்க்கின் கொலம்பியாவும் இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது. சேர்ந்தவர்களில் பலர் எம்.ஏ.வோடு நின்றுகொண்டார்கள். எவரையும் முன்கூட்டியே வடிகட்ட வேண்டிய அவசியம் பல்கலைக்கு இல்லை, ஏனென்றால் பெரும்பாலோர் தங்கள் செலவில் வந்தார்கள். கட்டணம் கட்டுகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப எந்த நிறுவனமும் அவசரப்படாது.

அந்த நாளில் காத்திருப்பின் வேதனை எப்படி இருந்தது என்பதற்கு வில்லியம் ஜேம்ஸ் 1903-இல் எழுதிய 'பிஎச்.டி. ஆக்டோபஸ்' என்ற கட்டுரை நல்ல சான்று. ஹார்வர்டில் தத்துவம் படித்த திறமையான மாணவர் ஒருவருக்கு வேறொரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. வேலை தந்த பிறகுதான் அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை என்பது அக்கல்லூரி நிர்வாகத்துக்குத் தெரிந்தது. தங்கள் ஆசிரியர் பட்டியலில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் அந்த எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இந்த மனிதரின் தத்துவப் பட்டத்துக்கும் இலக்கியம் கற்பிக்கும் திறனுக்கும் சம்பந்தமில்லை என்று ஹார்வர்டிலிருந்து எழுதிப் பார்த்தார்கள், பயனில்லை. அவர் வகுப்பெடுத்துக்கொண்டே அவசரமாக ஒரு தத்துவ ஆய்வேடு எழுதினார். முதலில் அது தேறவில்லை, பிறகே தேறியது. இலக்கிய ஆசிரியரின் தகுதியை இலக்கியத்தோடு தொடர்பில்லாத ஒரு பட்டத்தால் அளந்ததை ஜேம்ஸ் ஏளனம் செய்தார். ஏளனத்தால் ஒன்றும் மாறவில்லை. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1900-இல், பதினான்கு பல்கலைகள் கூடி ஒரு சங்கம் அமைத்து, தங்கள் டாக்டர் பட்டத்துக்கு ஒரு தரம் உண்டு என்று ஐரோப்பாவுக்குக் காட்ட முனைந்திருந்தன. பட்டம் வேலைக்கான நுழைவுச்சீட்டாகிவிட்டது. நுழைவுச்சீட்டானால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் ஒருநாள் வாசலில் ஆள் நிறுத்த வேண்டும். ஹார்வர்டிலேயே ஆங்கிலத் துறையை ஆட்டிவைத்த கிட்ரெட்ஜிடம் அந்தப் பட்டம் கிடையாது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

கதவு அகலமாகத் திறந்திருந்தது என்று சொல்லும்போது உடனே எழ வேண்டிய மறுப்பு ஒன்று உண்டு: யாருக்கு? எம். கேரி தாமஸ் 1877-இல் ஹாப்கின்ஸில் படிக்கக் கேட்டார். அவருடைய தந்தை அந்தப் பல்கலையின் அறங்காவலர்களில் ஒருவர். பணக் குறை கிடையாது. பேராசிரியர்களிடம் தனியாகக் கேட்டுப் படித்துக்கொள்ளலாம், வகுப்பறையில் ஆண்களோடு உட்காரக் கூடாது என்பதே கிடைத்த அனுமதி. ஓராண்டில் வெளியேறினார். லைப்சிக்கில் படித்தார், கோட்டிங்கன் பெண்ணுக்குப் பட்டம் தர மறுத்தது, கடைசியில் சூரிச் 1882-இல் மிக உயர்ந்த தகுதியுரையோடு டாக்டர் பட்டம் தந்தது. ஆய்வுப் பொருள் இடைக்கால ஆங்கிலக் காவியமான 'சர் கவெய்னும் பச்சை வீரனும்'. பிறகு அவர் பிரின் மாரில் பெண்களுக்கே உயர்படிப்பு தரும் கல்லூரியைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் ஆனார். ஈவா டைக்ஸின் கதை இன்னும் கசப்பு. ஹவார்டு என்ற கறுப்பின மக்களின் பல்கலையில் 1914-இல் பட்டம் பெற்றவர். ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப் அந்தப் பட்டத்தைப் பட்டமாக ஏற்கவில்லை. அதனால் அங்கே மறுபடியும் ஒரு இளங்கலை, பிறகு எம்.ஏ., பிறகு 1921-இல் பிஎச்.டி. அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் மூன்று கறுப்பினப் பெண்களில் ஒருவர் அவர். ஆய்வு ஆங்கிலக் கவிஞர் போப் அமெரிக்காவில் ஏற்படுத்திய தாக்கம் பற்றியது. தென் மாநிலங்களில் இதுவும் இல்லை. கறுப்பின மாணவர் உயர்படிப்புக்குக் கேட்டால், வெளிமாநிலம் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்று சொல்லிப் பணம் கொடுத்து அனுப்பிவைத்த மாநிலங்கள் இருந்தன. ஓக்லஹோமாவில் ஜார்ஜ் மெக்லாரின் வழக்காடி உள்ளே வந்தபோது வகுப்பை ஒட்டிய தனியறையில் உட்கார வைத்தார்கள், நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் தனி மேசை போட்டார்கள். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1950-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் கல்வியியல் மாணவர். ஆனால் தீர்ப்பு எல்லாத் துறைக்கும் பொருந்தியது.

இவர்களை நிறுத்தியது பணமல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலக்குவதற்கே பணம் செலவிட்ட மாநிலங்கள் என் வாதத்துக்குள் அடங்காது. ஆனால் இந்த உதாரணங்கள் எதிர்த்தரப்புக்கும் உதவுவதில்லை. மறுப்பு என்பது தகுதியின் தீர்ப்பு என்ற நம்பிக்கையை இவை இன்னும் பலமாக உடைக்கின்றன. பரிந்துரைக் கடிதங்களின் பழைய வரலாறும் அதையே காட்டுகிறது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதிய கடிதங்களில் இவர் யூதர், ஆனால் அந்த இனத்துக்குரிய குறைகள் இல்லாதவர் என்பது போன்ற குறிப்புகள் சகஜம். கொலம்பியா ஆங்கிலத் துறை தன் இளம் ஆசிரியரான லயனல் டிரில்லிங்கை 1936-இல் வெளியே அனுப்பப் பார்த்தது. அவர் எதிர்த்து வாதாடித் தங்கிவிட்டு, மேத்யூ ஆர்னால்டு பற்றிய ஆய்வை முடித்து, அந்தத் துறையில் நிரந்தர இடம் பெற்ற முதல் யூதரானார். மாணவர் தன்னைப் பற்றிய கடிதங்கள் உட்படத் தன் கல்விக் கோப்பைப் பார்க்கலாம் என்ற சட்டம் 1974-இல் வந்தது. இன்றைய விண்ணப்பத்தில் அந்த உரிமையைத் துறக்கிறேன் என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் போட்டுவிடுகிறார்கள், போடாவிட்டால் கடிதத்துக்கு மதிப்பிருக்காது என்ற பயம்.

கடிதங்களுக்கு அடுத்துத் தேர்வு வந்தது. கார்னகி அறக்கட்டளை 1930களின் பிற்பாதியில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கோடு சேர்ந்து தொடங்கிய சோதனை முயற்சிதான் ஜி.ஆர்.ஈ. போர் முடிந்து, திரும்பிவந்த வீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றபோது விண்ணப்பக் குவியலைக் கையாள அது வசதியாக இருந்தது. ஆங்கில இலக்கியத்துக்கென்றே தனித் தேர்வும் இருந்தது: சுமார் 230 கேள்விகள், 170 நிமிடம். பேயோவுல்ஃபிலிருந்து நேற்றைய நாவல் வரை எதிலிருந்தும் நாலு வரி கொடுத்து யார் எழுதியது, என்ன யாப்பு என்று கேட்பார்கள். வெளிநாட்டாருக்கு 1964 முதல் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வேறு. இத்தனைக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கென ஒரு துறைப் பாடத்திட்டம் வந்தது 1894-இல்; அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கல்கத்தாவிலும் சென்னையிலும் மாணவர்கள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துத் தேர்வெழுதினார்கள் என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-இல் விரிவாக எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தப் பரம்பரையில் வந்து ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவர், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று கட்டணம் கட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. இலக்கியத் தனித் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. பொது ஜி.ஆர்.ஈ.யையும் அந்த ஆண்டுகளில் ஆங்கிலத் துறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இத்தனை காலம் அறிவியல் அளவுகோல் என்று வைத்திருந்த ஒன்றை எடுத்தெறிந்தபோது, எத்தனை பேரை எடுப்பது என்பதில் அதனால் ஒரு மாற்றமும் வரவில்லை. அளவுகோல் போனாலும் எண்ணிக்கை நிற்கிறது என்றால், எண்ணிக்கை வேறெங்கிருந்தோ வருகிறது.

எங்கிருந்து வருகிறது என்பதை 1945-க்கும் 1970-க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டு தெளிவாகக் காட்டும். போரிலிருந்து திரும்பிய நல்ல மாணவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விடாமல் ஆசிரியர் தொழிலுக்கு வர வேண்டும் என்று பிரின்ஸ்டனின் செவ்வியல் பேராசிரியர் விட்னி ஓட்ஸ் 1945-இல் உட்ரோ வில்சன் ஃபெலோஷிப்பைத் தொடங்கிவைத்தார். 1957-இல் ஃபோர்டு அறக்கட்டளை அதில் பெரும் பணத்தைக் கொட்டியது. ஆண்டுக்கு ஆயிரம் பேர் என்ற இலக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விட்டது. அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. அறிவியலுக்காக என்று பேசிக் கொண்டுவந்த அந்தச் சட்டத்தின் மூன்றாண்டு ஃபெலோஷிப்புகள் இலக்கிய மாணவர்களுக்கும் கிடைத்தன. வானத்தில் சுற்றிய ஓர் உலோக உருண்டையின் புண்ணியத்தில் பலர் கவிஞர் ஸ்பென்சரை ஆராய்ந்தார்கள். அரசுக்கு எதிரான அமைப்பு எதிலும் இல்லை என்று கையெழுத்துப் போடும் நிபந்தனையும் கூடவே வந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1962-இல் நீக்கப்பட்டது. கல்லூரிகள் பெருகின, ஆசிரியர்கள் தட்டுப்பாடு, நல்ல மாணவரைப் பிடிக்கப் பல்கலைகளுக்குள் இழுபறி. இன்றே பதில் சொல், இல்லையென்றால் உதவித்தொகை அடுத்தவனுக்கு என்று மாணவரை நெருக்கும் பழக்கம் வளர்ந்தது. அதைத் தடுக்கத்தான் உயர்கல்விப் பள்ளிகளின் பேரவை 1965-இல் ஓர் உடன்பாடு செய்தது: உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இன்று காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்நோக்கும் அந்தத் தேதி, பல்கலைகள் மாணவருக்காகக் காத்திருந்த காலத்தின் மிச்சம்.

அந்தக் காலம் 1970-ஐ ஒட்டிச் சட்டென்று முடிந்தது. ஆசிரியர் வேலைகள் வற்றின. எந்தக் கல்லூரியில் எந்த இடம் காலி என்று பேராசிரியர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதி முடித்துக்கொண்ட பழைய முறை போய், எம்.எல்.ஏ. 1971-இல் வேலைப் பட்டியல் ஒன்றை வெளியிடத் தொடங்கியது. அச்சிட்ட பிறகு எத்தனை குறைவு என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. நியாயமாகப் பார்த்தால் துறைகள் உடனே சேர்க்கையைச் சுருக்கியிருக்க வேண்டும். தேவையான அளவு சுருக்கவில்லை. முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் கட்டுரை எழுதும் வகுப்பு கட்டாயம், அதை எடுக்கக் குறைந்த சம்பளத்தில் ஆள் வேண்டும், அந்த ஆள் பிஎச்.டி. மாணவர். வேலைச் சந்தை வேண்டாம் என்று சொல்லியும் கற்பித்தல் பட்ஜெட் வேண்டும் என்று சொன்னால் பட்ஜெட்டின் சொல்தான் எடுபட்டது. இதற்கு நடுவில் 1989-இல் பிரின்ஸ்டனின் முன்னாள் தலைவர் வில்லியம் போவனும் ஜூலி ஆன் சோசாவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: 1990களின் இறுதியில் மானுடப் புலம், சமூக அறிவியல் துறைகளில் ஆசிரியர் பற்றாக்குறை வரும் என்று. வயதான பேராசிரியர்கள் ஓய்வுபெறுவார்கள் என்பது கணக்கு. பேராசிரியர்களுக்கான கட்டாய ஓய்வு வயது 1994-இல் சட்டப்படி போய்விட்டது; ஓய்வு பெற்றவர்களின் இடங்களிலும் பல பகுதிநேர ஆட்களால் நிரப்பப்பட்டன. பற்றாக்குறை வரவேயில்லை. அந்தக் கணிப்பை நம்பி விண்ணப்பித்தவர்கள் பட்டத்தோடு வெளியே வந்தபோது நின்ற வரிசை முன்பைவிட நீளம். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பட்டம் பெறாமலே போனார்கள் என்பதையும் போவனே வேறொரு நூலில் எழுதினார்.

இன்றைய குறுகிய வாசல் இதிலிருந்து பிறந்தது. கற்பிக்கும் மாணவர்களும் தொழிலாளர்களே என்று சங்கம் கட்டத் தொடங்கினார்கள். நியூயார்க் பல்கலை வழக்கில் 2000-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதை ஏற்றது, 2004-இல் பிரவுன் வழக்கில் மறுத்தது, 2016-இல் கொலம்பியா வழக்கில் மீண்டும் ஏற்றது. நல்ல துறைகள் ஐந்தாண்டோ அதற்கு மேலோ எல்லோருக்கும் உதவித்தொகை, கட்டண விலக்கு, மருத்துவக் காப்பீடு என்று உறுதி தரும் முறைக்கு வந்தன. இது மாணவருக்கு நல்லது, மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு இடமும் இப்போது ஐந்தாறு ஆண்டுச் செலவு. எத்தனை பேர் என்ற கேள்வி துறையின் கையை விட்டு டீனின் மேசைக்குப் போயிற்று. கோவிட் வந்த 2020-இல், உள்ளே இருக்கும் மாணவர்களைக் காக்க வேண்டும் என்று பல மானுடப் புலத் துறைகள் அடுத்த ஆண்டுச் சேர்க்கையையே நிறுத்தின. சிகாகோ ஆங்கிலத் துறை அந்தச் சுற்றில் கறுப்பின ஆய்வுகளில் ஈடுபட விரும்புவோரை மட்டும் எடுப்பதாக அறிவித்தது. மில்டன் ஆய்வாளர் எத்தனை சிறந்தவரானாலும் அந்த ஆண்டு அவருக்கு அங்கே இடமில்லை. பாஸ்டன் பல்கலையில் 2024-இல் நடந்தது எல்லாவற்றிலும் வெளிப்படையானது. ஏழு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அக்டோபரில் உடன்பாடு, பிஎச்.டி. மாணவருக்குக் குறைந்தது ஆண்டுக்கு 45,000 டாலர். நவம்பரில், அடுத்த கல்வியாண்டுக்கு ஆங்கிலம் உட்படப் பன்னிரண்டு மானுடப் புலம், சமூக அறிவியல் துறைகளில் பிஎச்.டி. சேர்க்கை கிடையாது என்று செய்தி வந்தது. புதிய ஒப்பந்தத்தின் செலவை டீன்களே காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு பாஸ்டனுக்கு விண்ணப்பிக்க மூன்று மாதமாகக் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தவரின் தகுதி அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவில் எங்கும் போய்விடவில்லை.

இதற்குச் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்த எந்தப் பேராசிரியரும் சொல்லக்கூடிய மறுப்பு: நாங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கிறோம், மணிக்கணக்கில் விவாதிக்கிறோம், எங்களைக் குமாஸ்தா என்கிறீர்களா? படிக்கிறார்கள் என்பதை நான் நம்புகிறேன். ஜூலி பொசெல்ட் பத்து பிஎச்.டி. துறைகளின் சேர்க்கை நடைமுறையை ஆராய்ந்து 2016-இல் எழுதிய நூல் அந்த உழைப்பைப் பதிவுசெய்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் காட்டியது: முதல் சல்லடையில் தேர்வு மதிப்பெண்ணும் படித்த கல்லூரியின் பெயரும் பெரிதாக எடைபோடுகின்றன, கடைசிச் சுற்றில், எல்லோரும் நல்லவர்களாக இருக்கும்போது, சிறு சிறு விருப்பங்களே முடிவு செய்கின்றன. முப்பதாவது இடத்தில் இருப்பவரும் பத்தாவது இடத்தில் இருப்பவரும் படிக்கத் தகுதியுள்ளவர்கள் என்பதைக் குழுவே ஒப்புக்கொள்ளும். பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் எங்கே கோடு என்பதை அவர்கள் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. அந்த எண் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது.

அப்படியானால் பழையபடி கதவைத் திறந்துவிடலாமே என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த கதவின் காலத்தில் மறுப்பு இல்லாமலில்லை. அது ஏழெட்டு ஆண்டு தள்ளி வந்தது, கடனோடு வந்தது, முப்பது வயதுக்கு மேல் வந்தது. அதைவிட மார்ச் மாதத்தில் வரும் நாலு வரி எவ்வளவோ மேல். குறைந்த இடங்கள், உறுதியான உதவித்தொகை என்ற ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டும். மாற வேண்டியது அந்த ஏற்பாட்டைச் சுற்றியுள்ள பாசாங்கு. பணம் போட்ட எல்லைக்குத் தகுதி என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரின் பாரத்தைத் திருப்பி அனுப்பப்பட்டவர் தலையில் ஏற்றுவது நேர்மையல்ல. இதைச் சரிசெய்யப் புரட்சி தேவையில்லை. வருகிற ஆண்டு எத்தனை இடம், எந்தக் காலகட்டத்துக்கும் பிரிவுக்கும் ஆள் தேவை, கடந்த ஆண்டு எத்தனை பேர் கேட்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை விண்ணப்பம் திறக்கும் செப்டம்பரிலேயே ஒவ்வொரு துறையும் தன் பக்கத்தில் போட்டுவிடலாம். சில துறைகள் இவற்றில் சிலவற்றைப் போடவும் செய்கின்றன. இடம் முடிவாகவில்லை என்றால் முடிவாகும்வரை கட்டணம் வாங்காமல் இருக்கலாம். விண்ணப்பிக்கிறவர்களும் பணம் கட்டுவதற்கு முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி இடம், பிரிவு, கடந்த ஆண்டு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். பதில் தராத துறைக்கு உங்கள் நூறு டாலரைத் தராதீர்கள்.